‘பார்த்துக் குடுங்க ஆன்ட்டி’ என்று மட்டும் சொல்லாதே!

ஜூன் மாதம் ஸ்கூல் திறந்த கையோடு உன் வீட்டு வாசலில் ஒரு அம்மா வந்து நிற்பார். "மேக்ஸ் டியூஷன் எடுக்கறியாமே, எவ்ளோ வாங்கறே?" என்பார். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு அடுத்து பி.எட்.டா, எம்.எஸ்சி.யா என்று யோசித்துக்கொண்டிருக்கும் தங்கச்சிகளில் முக்கால்வாசிப் பேர் அதற்குச் சொல்லும் பதில் எனக்கு மனப்பாடம்: "நீங்க பார்த்துக் குடுங்க ஆன்ட்டி." கேட்க அடக்கமாகத்தான் இருக்கும். ஆனால் மார்ச் வரைக்கும் உன் வருமானம் எவ்வளவு என்பதை அந்த ஒரு பதிலில் அவர் கையில் ஒப்படைத்துவிட்டாய். அவர் கெட்டவர் இல்லை. பக்கத்துத் தெருவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லித்தருகிறவருக்கு என்ன கொடுக்கிறாரோ, அதையே உனக்கும் தருவார். அவருக்குத் தெரிந்த ரேட் அதுதான்.

ஓசூரில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். பாகலூர் ரோட்டு அபார்ட்மென்ட்டில் இருப்பவர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர், "பர் அவர் எவ்வளவு?" என்று பெங்களூர் வழக்கத்தில் கேட்பார். சிப்காட்டை ஒட்டிய லைன் வீட்டில் இருப்பவர் "மாசம் எவ்வளவும்மா?" என்பார். மத்திகிரி டைட்டன் டவுன்ஷிப் பக்கம் போனால் பேச்சு வேறு, சூளகிரி போனால் வேறு. ஆளுக்கொரு ரேட் சொல்ல ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வாய். இங்கே எல்லா அம்மாக்களும் ஒரே கம்பெனி பஸ்ஸிலோ ஒரே ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பிலோ இருப்பவர்கள். அதனால் யார் கேட்டாலும் உன் பதில் ஒரே கணக்கிலிருந்து வர வேண்டும். அந்தக் கணக்கை முதலில் போட்டு வைத்துக்கொள். கணக்கு டீச்சர்தானே நீ!

முதலில் மணியை எண்ணு

பத்தாம் வகுப்பு, ஐந்து பிள்ளைகள், திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறிலிருந்து ஏழரை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22 வகுப்பு. ஒன்றரை மணி வீதம் 33 மணி நேரம். நீ உட்பட எல்லோரும் இந்த 33-ஐ மட்டும்தான் வேலை என்று நினைக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வைப்பாய். வைக்காவிட்டால் இரண்டாவது மாதமே அம்மாக்கள் கேட்பார்கள். மாதம் நாலு டெஸ்ட், இரண்டிரண்டு மணி, ஆக 8 மணி. பேப்பர் திருத்த ஒரு பிள்ளைக்கு இருபது நிமிஷம். கணக்குப் பேப்பரை விடையை மட்டும் பார்த்துத் திருத்த முடியாது, எந்த ஸ்டெப்பில் மைனஸ் பிளஸ்ஸாக மாறியது என்று தேட வேண்டும். அது மாதத்துக்கு 7 மணி. அடுத்த நாள் எடுக்கப்போகும் கணக்குகளை முந்தின ராத்திரி நீயே ஒருமுறை போட்டுப் பார்க்க அரை மணி வீதம் 11 மணி. முதல் வருஷம் இதில் ஒரு நாள்கூடக் குறைக்காதே. கூட்டினால் 59. அறுபது என்றே வைத்துக்கொள்.

ஜெராக்ஸ், மார்க்கர், கிராஃப் ஷீட் என்று ஒரு 400 ரூபாய் போகும். தலைக்கு 500 ரூபாய் வாங்கினால் 2,500 வரும். செலவு போக 2,100. அறுபதால் வகுத்துப் பார், மணிக்கு 35 ரூபாய்.

இது அதிகமா குறைச்சலா என்று எப்படித் தெரியும்? உன்னோடு காலேஜில் படித்து இப்போது சிப்காட்டிலோ பர்கூர் பக்கமோ கம்பெனிக்குப் போகும் சிநேகிதியைக் கேள். பிடித்தம் போகக் கைக்கு வருவது 15,000 என்கிறாள் என்று வை. எட்டு மணி ஷிப்ட், 26 நாள், ஆக 208 மணி. போக வர கம்பெனி பஸ்ஸில் தினம் இரண்டு மணி என்றால் இன்னொரு 52. மொத்தம் 260 மணி நேரத்துக்கு 15,000, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 58 ரூபாய். அவளுக்கு பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு, மே மாதமும் சம்பளம் உண்டு. உனக்கு ஜூனிலிருந்து மார்ச் வரை பத்து மாதம்தான் வருமானம். ஆகவே அவளுடைய 58-தான் உன் தரைமட்டம். அதற்குக் கீழே போனால் டியூஷனை விட்டுவிட்டு அவளோடு பஸ் ஏறிவிடலாம். தரைமட்டத்துக்கு மேலே எவ்வளவு என்பது உன் இஷ்டம். புதிதாக ஆரம்பிக்கும் ஒருத்தி மணிக்கு 100 என்று குறி வைத்தால் பேராசை என்று நான் சொல்ல மாட்டேன்.

மணிக்கு 100 வேண்டுமென்றால் 6,000, செலவு 400. ஐந்து பிள்ளைகளுக்குப் பிரித்தால் தலைக்கு 1,280. "இவ்வளவு சொன்னா யாரு வருவா?" என்று நீ முகம் சுளிப்பது தெரிகிறது. சரி, பேட்ச்சை எட்டுப் பேராக்கு. வகுப்பு நேரம் கூடாது, தயாரிப்பும் கூடாது, திருத்தும் நேரம் மட்டும் 11 மணி ஆகும். மொத்தம் 63 மணி. செலவு 600 என்று வை. 6,900-ஐ எட்டால் வகுத்தால் சுமார் 860. மணிக்கு அதே நூறு ரூபாய், அம்மாக்களுக்குத் தலைக்கு 400-க்கும் மேல் மிச்சம். ஃபீஸைக் குறைக்க உன் பையில் கை விட வேண்டியதில்லை, பேட்ச்சில் இரண்டு மூன்று தலை கூட்டினால் போதும். அதற்காகப் பதினைந்துக்குப் போகாதே. பத்துக்குப் பத்து ஹாலில் பதினைந்து பேர் உட்கார்ந்தால் கடைசி வரிசைப் பையன் போன் பார்ப்பான். திருத்தவே இருபது மணி நேரம் போய்விடும்.

நான் சொன்ன ரூபாய்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. உன் சிநேகிதி சம்பளம், உன் தெரு ஜெராக்ஸ் விலை, உன் வீட்டு ஹாலின் அளவு, இதையெல்லாம் போட்டு உன் எண்ணைக் கண்டுபிடி. ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை.

மெடலுக்குக் காசு இல்லை

யூனிவர்சிட்டி ரேங்க் வாங்கியிருக்கிறாயா? சந்தோஷம். ஆனால் அதற்காக யாரும் இருநூறு ரூபாய் கூட்டித் தர மாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை. கும்பகோணத்தில் ராமானுஜனே டியூஷன் எடுத்துப் பார்த்தவர்தான். பாடத்தோடு அவரால் நிற்க முடியவில்லை. இன்றைக்கு ஒரு வழியில் சொன்ன கணக்கைப் பையன் மறந்துவிட்டால், மறுநாள் புத்தம் புதிதாக வேறு வழியில் போட்டுக் காட்டுவாராம். டியூஷன் அவருக்குச் சோறு போடவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டார். உனக்கு எவ்வளவு தெரியும் என்று அம்மாக்கள் கேட்பதில்லை. காலாண்டில் 28 வாங்கிய பையன் அரையாண்டில் என்ன வாங்குவான் என்றுதான் கேட்கிறார்கள்.

அங்கேதான் எல்லோரும் தலைகீழாக ஃபீஸ் வைக்கிறார்கள். சென்டம் வாங்க வேண்டிய பிள்ளைக்கு அதிகம், "பாஸ் பண்ணா போதும்" பிள்ளைக்குக் கம்மி. வேலை செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டாவதுதான் கஷ்டம். நம் ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் பதினான்கு ஒரு மார்க் கேள்வி. கடைசியில் இரண்டு எட்டு மார்க், ஒன்று வடிவியல் வரைவது, இன்னொன்று கிராஃப். பாஸுக்கு வேண்டியது 35. ஜனவரியில் ஒரு அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவனுக்குக் காம்பஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, தொடுகோடு வரைய வைத்து, எக்ஸ்-ஒய் அட்டவணை போட்டுப் புள்ளி குறிக்க வைத்து, அந்த 16 மார்க்கை முதலில் உறுதி செய்துவிட்டு, ஒரு மார்க் கேள்விகளை ஒப்பிக்க வைத்து, அதற்குமேல் இரண்டு மார்க்கில் கை வைக்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒரு வருஷ வேலை. மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைக்கவும் முடியாது, தனி நேரம் வேண்டும். ஆகவே ஜனவரியில் வருகிறவர்களுக்குத் தனி ஃபீஸ், கூடுதல் ஃபீஸ். ஜூனிலேயே இதைச் சொல்லி வைத்துவிடு. பாதிப் பேர் ஜூனிலேயே சேர்த்துவிடுவார்கள்.

சி.பி.எஸ்.இ.க்கு அதிகம் வாங்கலாமா என்றால், போர்டின் பேருக்காக வாங்காதே. ஆனால் ஸ்டேட் போர்டையும் சி.பி.எஸ்.இ.யையும் ஒரே பேட்ச்சில் உட்கார வைக்காதே. அங்கே தாள் 80 மார்க், மீதி 20 இன்டர்னல். அதிலும் ஸ்டாண்டர்டு, பேசிக் என்று இரண்டு வகை. ஒரே ஒன்றரை மணியில் இரண்டு வகுப்பு எடுத்து ஒரு ஃபீஸ் வாங்கியது போல ஆகிவிடும். பிளஸ் டூவுக்குக் கூடுதலாக வாங்குவது நியாயம்தான். தொகையீடு எடுக்க முந்தின ராத்திரி அரை மணி போதாது.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசி, ஸ்கூலில் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. வாக்கியக் கணக்கு என்றால் முதலில் வாக்கியத்தைப் புரிய வைக்க வேண்டும். உனக்கு அந்த மொழி நாலு வார்த்தை வருமென்றால் அதைத் தாராளமாகச் சொல்லிக்கொள். ஓசூரில் மெடலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பத்தாம் தேதி

எப்போது வாங்குவது என்பதற்கு இந்த ஊரில் ஒரே பதில்தான். ஒன்றாம் தேதி கேட்காதே, இருக்காது. 1936-ஆம் வருஷ ஊதியச் சட்டம் ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிற்சாலைக்கு ஏழாம் தேதியும், பெரிய தொழிற்சாலைக்குப் பத்தாம் தேதியும் கெடு வைத்தது. லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்து மளிகைக் கடை நோட்டும் சீட்டுக் கட்டுகிற தேதியும் அதைச் சுற்றித்தான் ஓடுகின்றன. நீயும் பத்தாம் தேதி என்று வை. எந்த மாதத்து ஃபீஸோ அந்த மாதம் பத்தாம் தேதி, முடிந்த மாதத்துக்கு அல்ல. மாதம் முடிந்தபின் வாங்கும் பழக்கம் வைத்தால் மார்ச் ஃபீஸ் வராது. பரீட்சை முடிந்த மறுநாள் பையன் பாட்டி ஊருக்குப் போயிருப்பான், அம்மா போனை எடுக்க மாட்டார்.

கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போகும். "மிஸ், பதினஞ்சாம் தேதி தர்றேன்" என்று முன்னாலேயே சொன்னால் சரி என்று சொல். சொல்லாமல் இழுப்பவர்களுக்குப் பன்னிரண்டாம் தேதி ஒரு மெசேஜ் போதும்: "அக்கா, ஜூலை டியூஷன் ஃபீஸ் இன்னும் வரலை, பார்த்துக்கோங்க." ஸ்மைலி வேண்டாம். பிள்ளையிடம் ஒருபோதும் சொல்லி அனுப்பாதே, அதுவும் மற்றப் பிள்ளைகள் முன்னால். இரண்டு மாத பாக்கி நின்றுவிட்டால் தீபாவளி போனஸ் வந்த வாரத்தில் நேரில் போய்க் கேள். வேறெந்த வாரத்திலும் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஜிபேயில் வந்தால் மாதத்தின் பெயரைக் குறிப்பில் எழுதச் சொல். கையில் வந்தால் அவர்கள் கண் முன்னாலேயே நோட்டில் எழுது.

ஷிப்ட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். அப்பாவுக்குக் காலை ஷிப்ட் என்றால் பையன் தவறாமல் வருவான். இரண்டு மணி ஷிப்ட் வந்த வாரம் கொண்டுவந்து விட ஆளில்லை, மூன்று நாள் வர மாட்டான். மாதக் கடைசியில் "பாதி நாள்தானே வந்தான், பாதி வாங்கிக்கோ" என்பார்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று ஃபீஸ் வைத்திருந்தால் செத்தாய். நீ வாங்குவது பஸ் பாஸ் மாதிரி: பையன் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி ஓடும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. பிள்ளை வராத நாளுக்குக் கழிவு கிடையாது. நீ லீவு போட்ட நாளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஈடு கட்டு. சந்திரசூடேஸ்வரர் தேர் பங்குனி வாக்கில், பரீட்சை நெருக்கத்தில் வரும். அந்த லீவை நீயும் எடுத்துக்கொள், யாரும் கேட்க மாட்டார்கள்.

பேரம்

எண்ணைச் சொன்ன பிறகு வாயை மூடு. இதுதான் மிகக் கஷ்டம். "ஆயிரம் ஆன்ட்டி" என்று சொன்னதும் எதிரே இரண்டு விநாடி மௌனம் வரும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் "எண்ணூறுகூட ஓகே" என்று நீயே இறங்குவாய். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான், மறுக்கவில்லை. யோசிக்க விடு.

"இல்லம் தேடிக் கல்வில சும்மாவே சொல்லிக்குடுத்தாங்களே" என்று ஒருவர் கேட்பார். 2021-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் தன்னார்வலருக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. ஆக அங்கும் யாரோ காசு கொடுத்தார்கள், பத்தாம் வகுப்பும் இல்லை. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். "பக்கத்துத் தெருவில முந்நூறுதான்" என்றால், "அவங்க நல்லாச் சொல்லிக்குடுப்பாங்க ஆன்ட்டி, அங்கேயே சேருங்க" என்று மனசாரச் சொல். போனால் போகட்டும். பாதிப் பேர் திரும்பி வருகிறார்கள். அண்ணன் தங்கை இரண்டு பேரும் வந்தால் சின்னவளுக்குக் கொஞ்சம் குறைக்கலாம். அதை நீயாகச் சொல், கேட்ட பிறகு சொன்னால் பேரம் படிந்ததாக ஆகிவிடும்.

சித்தி பையன், மாமா பொண்ணு விவகாரத்தில் என் கொள்கை ஒன்றுதான்: முழு ஃபீஸ் அல்லது ஒன்றுமே இல்லை. பாதி என்று வாங்காதே. பாதி வாங்கினால் சித்திக்கும் மனக்குறை, உனக்கும் மனக்குறை, அந்த ரேட் குடும்பம் பூராவும் பரவிவிடும். ஒரு பேட்ச்சுக்கு ஒரு இடம் இலவசம் என்று ஒதுக்கி வை. அது சித்தி பையனுக்கா, அப்பா இல்லாத எதிர்வீட்டுப் பெண்ணுக்கா என்று நீ முடிவு செய். நானாக இருந்தால் எதிர்வீட்டுப் பெண்ணுக்குத்தான் தருவேன். சித்திக்கு வசதி உண்டு. யாருக்குத் தந்தாலும் வெளியே சொல்லாதே.

சூளகிரிப் பக்கத்துப் பிள்ளை கொத்தமல்லிக் கட்டோடு வரும், பேரிகைப் பிள்ளை தக்காளியோடு வரும், மே மாதத்தில் கிருஷ்ணகிரி மாம்பழம் கூடையாகவே வரும். சந்தோஷமாக வாங்கிக்கொள், நோட்டில் வரவு வைக்காதே. மாம்பழம் வேறு, ஃபீஸ் வேறு.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது

அபார்ட்மென்ட்காரர்கள் வீட்டுக்கு வரச் சொல்வார்கள். ஒரு மணி நேர வகுப்பு, போக வர நாற்பது நிமிஷம், தயாரிப்பு இருபது நிமிஷம். ஆக அவர்கள் ஒரு மணி என்று சொல்வது உனக்கு இரண்டு மணி. வாரம் மூன்று நாள், மாதம் பன்னிரண்டு வகுப்பு என்றால் 24 மணி நேரம், உன் நூறு ரூபாய்க் கணக்கில் 2,400, அதற்கு மேல் பெட்ரோல். "பர் அவர்" என்று கேட்டால் 200 என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், வாய் கூசாதே. இங்கே அரசு டவுன் பஸ்ஸில் போனால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களான நமக்கு டிக்கெட் கிடையாது. ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா என்று கூப்பிட்டால் யோசி. கர்நாடகாவின் ‘சக்தி’ இலவசப் பஸ் திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்குத்தான், ஆதாரில் ஓசூர் விலாசம் இருக்கிற உனக்கு டிக்கெட் உண்டு. சாயங்கால நெரிசலில் நாற்பது நிமிஷம் ஒன்றரை மணி ஆகும். பெங்களூர் ரேட் என்று கேட்கும்போது வாய் ஊறும். மணியைக் கூட்டிப் பார்த்தால் உன் ஹாலில் எட்டுப் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள், ஏழரைக்கு மேல் வேண்டாம். எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் இதில் மாற்றம் இல்லை.

இன்னும் சில. ஒரு மாதம் இலவச டெமோ என்று போர்டு போடாதே; ஒரே ஒரு வகுப்பு போதும், போன வருஷக் கணக்குப் பேப்பரைக் கொண்டுவரச் சொல்லி அதிலேயே பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று அம்மாவுக்குக் காட்டு. "சென்டம் வாங்க வைக்கிறேன், இல்லேன்னா ஃபீஸ் திருப்பித் தர்றேன்" என்று வாக்குக் கொடுக்காதே. பி.எட். முடித்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் டியூஷனை நிறுத்திவிடு. பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனையோ பேர் எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஃபீஸ் ஏற்றுவது வருஷத்துக்கு ஒரு முறை, ஜூனில் மட்டும். ஏப்ரலிலேயே சொல்லிவிடு, ரிசல்ட் வருவதற்கு முன்னால். ரிசல்ட் நன்றாக வந்தபின் ஏற்றினால் தலைக்கனம் என்பார்கள், மோசமாக வந்தபின் ஏற்றினால் உனக்கே வாய் வராது. ஒன்பதாவதிலிருந்து உன்னிடமே தொடரும் பிள்ளைக்குப் பழைய ஃபீஸ், புதிதாக வருகிறவருக்குப் புது ஃபீஸ் என்று ஒரு வருஷம் ஓட்டலாம். பழைய அம்மாக்களே உனக்காகப் புது அம்மாக்களிடம் பேசுவார்கள். மெசேஜ் இப்படி இருந்தால் போதும்: "வணக்கம். ஜூன் முதல் பத்தாம் வகுப்பு மேக்ஸ் டியூஷன் ஃபீஸ் மாதம் இவ்வளவு. பேட்ச்சுக்கு எட்டுப் பேர். திங்கள் முதல் வெள்ளி 6 – 7.30, ஞாயிறு டெஸ்ட். ஃபீஸ் அந்தந்த மாதம் 10-ஆம் தேதிக்குள்." கீழே உன் பெயர். ‘தயவுசெய்து’ ஒன்று போட்டுக்கொள், ‘மன்னிக்கவும்’ வேண்டாம்.